மாதா படம் எடுத்தவன்

மேற்குப் பக்கத்து ஐந்தாவது ஜன்னலின் வெளிச்சம் இன்னும் ஆண்கள் பக்கத்துத் தரையில்தான் கிடந்தது. நடுவழிப் பாயைத் தொட இன்னும் பத்து நிமிஷம், அதைத் தாண்டிப் பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் ஏற இன்னொரு கால்மணி. அதற்குள் நவநாள் ஜெபம் முடிந்துவிடும். முடிந்ததும் கிளாடியஸ் சாமி மைக்கைப் பிடித்து, இப்போது நமது சகோதரர் சந்தியாகு தன் சாட்சியத்தைச் சொல்வார் என்பார், அவன் எழுந்து போகவேண்டும். போன வருஷமும் போனான், அதற்கு முந்தின வருஷமும் போனான். வெளிச்சம் தரையில் நகர்வதை வைத்து மணி சொல்வது அவனுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினால் மூக்கு நிழல் உதட்டில் விழாது என்று கல்யாண வீடு கல்யாண வீடாகப் பார்த்து வந்த பழக்கம். இப்போது எதைப் பார்த்தாலும் முதலில் வெளிச்சம்தான் தெரிகிறது, ஆள் அப்புறம்தான். உபதேசியார் இன்னாசிமுத்துவின் வழுக்கை, வெளிச்ச அளவில் ஒரு ஸ்டாப் கூட. கிளாடியஸ் சாமியின் வெள்ளை அங்கி இரண்டு ஸ்டாப் கூட. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி சலேத்தின் முகம் நிழலில். அவள் நடுவழியிலிருந்து இரண்டாவதாக உட்கார்ந்திருந்தாள், ஓரத்தில் அவன். பனையடித்துறைக் கோயிலில் ஆம்பிளை பொம்பளைப் பக்கம் உட்காருவதில்லை. பெண்டாட்டிக்கு இடது கண் போனபிறகு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார அவனுக்கு மட்டும் சலுகை. முதல் ஞாயிறு அத்தனை பெண்களும் முக்காட்டுக்குள்ளிருந்து அவனைப் பார்த்தார்கள், பாவம் என்கிற மாதிரி. பாவமா? இவர்களுக்கு என்ன தெரியும். இன்று சொல்லிவிட வேண்டும். மைக்கில் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தில் இருக்கிறது மாதா குடுத்தது இல்லை, மெழுகுதிரி வெளிச்சம், ஃபில்டரில் பட்டு... ஃபில்டர் என்றால் இவர்களுக்கு மீன் வறுத்த எண்ணெய் வடிக்கிறதுதான் தெரியும். கண்ணாடி என்று சொல்லலாம். கண்ணாடி என்று சொன்னால் மூக்குக் கண்ணாடியா என்பார்கள். மூன்று நாளாக இந்த ஒரு வாக்கியத்தைச் சரிபண்ண முடியவில்லை அவனால். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், என்றாள் சலேத், எல்லோருடனும் சேர்ந்து. சாமி மாதாவை ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, அவள் குரல் மட்டும் மற்றவர்களைவிட அரை நொடி முந்திக்கொண்டு வந்தது. எப்போதும் அப்படித்தான். வேண்டுகிறதில் அவளை யாரும் முந்த முடியாது.

கடல் காற்றுதான் காரணம் என்று சொன்னால் அதுவும் உண்மைதான். பனையடித்துறையில் லென்ஸ் வாங்குகிறவன் அன்றைக்கே ஃபில்டரும் வாங்கியாக வேண்டும், லென்ஸுக்கு முன்னால் திருகிப் போடுகிற வெறும் கண்ணாடி வட்டம், உப்பும் மணலும் அதோடு நின்றுகொள்ளும். டவுன்காரன் தேவைப்பட்டால் போடுவான், கடற்கரைக்காரன் போட்டதைக் கழற்றவே மாட்டான், நாளாக ஆக அது இருப்பதே மறந்துபோகும். ஆனால் திரி, பல்பு என்று நேருக்கு நேர் எரிகிற எதை எடுத்தாலும் அதைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் அந்த வெளிச்சம் உள்ளே முட்டித் திரும்பி, படத்தில் எதிர்மூலையில் தலைகீழாக, வெளிறிய பச்சையாக இன்னொரு தடவை விழும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துகொள்கிற சங்கதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே எட்டாம் நவநாள், திரிப் பவனிக்காக லைட்டையெல்லாம் அணைத்திருந்தார்கள். கீழே இடது ஓரத்தில் ஒன்பது திரி எரிகிற தட்டு, மேலே வலது ஓரத்தில் மாதா. மாதா முகத்தில் அந்தத் திரிகளின் மஞ்சள் கீழேயிருந்து ஏறி, தாடையில் தொடங்கிக் கன்னத்தில் கரைந்து நெற்றிக்கு வரும்போது இல்லாமலே போயிற்று. அவனுக்கு அங்கேயே கும்பிடத் தோன்றியது. இது பொய் இல்லை, இதை எந்த மைக்கிலும் சொல்லலாம். முட்டி போட்டுச் செய்த ஜெபம் ஒன்றுகூட அவனுக்குள் இறங்கினதில்லை, ஜெபமாலை சொல்லும்போது பத்தாவது மணிக்குள் மனசு பேட்டரி சார்ஜுக்குப் போய்விடும். ஒரு கண்ணைக் காமிராவில் வைத்து, மற்றக் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, வெளிச்சம் சரியாக வந்து உட்காருகிறவரை நிற்கிறானே, அந்த நேரம் மட்டும்தான் அவன் யார் முன்னாலோ நிற்கிற மாதிரி இருக்கும். கடவுள் என்று ஒருவர் இருந்தால் இந்த வழியாகத்தான் வருவார் என்று அவனுக்கு உறுதியாகத் தோன்றும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றான். அமுக்கினான். திரையில் பார்த்தான். மாதா தலைக்கு மேலே பச்சையாக ஒன்பது புள்ளி. சே, கழற்றலையா, என்று வாய்விட்டே சொன்னான், அழிக்கிற பொத்தான் மேல் விரல்கூடப் போய்விட்டது. அப்போதுதான் பின்னால் நின்ற உபதேசியார் எட்டிப் பார்த்தார். "வே, சந்தியாகு. நட்சத்திரம்வே. மாதா தலைக்கு மேல நட்சத்திரக் கிரீடம்." அது வந்து, கண்ணாடியில பட்டு, என்று அவன் ஆரம்பித்தான், ஆரம்பித்தது உண்மை. "கண்ணாடி வழியாத்தாம்வே காட்டணும், பின்ன எது வழியா காட்டுவா," என்று உபதேசியார் முழங்காலில் விழுந்தார். அவர் விழுந்ததும் பக்கத்தில் நின்றவர்கள் விழுந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பின்னால் நின்றவர்கள் விழுந்தார்கள், ஐந்து நிமிஷத்தில் கோயிலில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான். வேதத்தில் பன்னிரண்டு நட்சத்திரம் என்று இருக்கிறது, படத்தில் ஒன்பதுதான் இருக்கிறது என்று எவனோ ஒருவன் கேட்டதற்கு, மிச்சம் மூணு மாதா தலைக்குப் பின்னால இருக்கு என்று உபதேசியார் விளக்கமும் சொல்லிவிட்டார். மறுவாரம் அந்தப் படம் லேமினேட் ஆகி ஏலக்கூடத்தில் தொங்கிற்று, விசைப்படகுகளின் வீல்ரூமில் தொங்கிற்று, வீட்டுக்கு வீடு தொங்கிற்று. வெளியூரில் கல்யாணம் என்றால், மாதா படம் எடுத்தவரு கையால எடுக்கணும் என்று தேடி வந்தார்கள். அவனைக் காணும்போது வயசானவர்கள் எழுந்து நின்றார்கள். அவனுக்குப் பிடித்திருந்தது. ஊர் நம்பிக்கையைக் கெடுக்கக்கூடாது, சாமி வருத்தப்படுவார், இப்போது சொன்னால் அடிப்பார்கள் என்று ஆயிரம் காரணம் தனக்குச் சொல்லிக்கொண்டான், அத்தனையும் அப்புறம் சேர்த்தது. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். வெளிச்சம் நடுவழிப் பாயைத் தொட்டுவிட்டது. அவன் தன் செருப்பில்லாத காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டான், என்னவோ சுட்டுவிடும் என்பதுபோல. போட்டாச்சி. இந்த மூன்று வருஷத்தில் சலேத் அவனிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். காலையில் ஏழு மணிக்கு மருந்து போட்டாச்சா, போட்டாச்சி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டாச்சா, போட்டாச்சி. கண்ணில் பிரஷர், சொட்டு மருந்து ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது போனதுதான், திரும்ப வராது என்று திருநெல்வேலியில் டாக்டரம்மா சொன்னது படம் எடுப்பதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால். சுருங்கிக்கொண்டே வருவது என்றால் எப்படி என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அவன் யோசித்தான், பெரிய லென்ஸ் மாட்டினால் ஓரமெல்லாம் போய் நடுவில் ஒன்று மட்டும் தெரியுமே அதுமாதிரியா, சரி அதுவும் ஒரு பார்வைதானே, அதிலேயே நான் கல்யாணம் கல்யாணமாக எடுக்கிறேனே என்று தேற்றிக்கொண்டான். தனக்குத் தெரிந்ததை வைத்துத் தேற்றிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மாதாமாதம் மருந்தை அவன்தான் வாங்கி வந்தான், பிரிட்ஜில் வைப்பாள். போன தவக்காலத்தில் ஒருநாள் காலையில் காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். மேஜையில் ஓடிய காப்பியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள், இடது கண் அதோடு சரி. அவன் டாக்டரைத் திட்டினான், மருந்துக் கம்பெனியைத் திட்டினான், கலப்படம், எல்லாம் கலப்படம் என்று கத்தினான். அவள் கத்தவில்லை. மரியாயின் சேனைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு கண்ண மாதாவுக்கு ஒப்புக்குடுத்துட்டேன், அடுத்த கண்ண அவ பாத்துக்கிடுவா என்று சொன்னாளாம். சொன்னதைக் கேட்டுப் பெண்கள் அழுதார்களாம். அன்றிலிருந்து பிரசவத்துக்குப் போகிற பிள்ளைகள் அவள் கையைத் தலையில் வைக்கச் சொல்லி வருகிறார்கள். இருக்கட்டும், துக்கத்தில் ஒரு பிடிமானம் என்று விட்டுவிட்டான். போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வலது கண்ணை அளந்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "மருந்து ஒழுங்காப் போடுறாங்களா?" என்றாள். போடுதேன் என்றாள் சலேத். "போட்டா இப்படி இருக்காது. இப்பவாவது போடுங்க, இருக்கிறதக் காப்பாத்திடலாம். இப்படியே விட்டா கிறிஸ்துமஸ் பாக்க மாட்டீங்க." டாக்டரம்மா இந்துதான், ஆனாலும் கிறிஸ்துமஸ் என்றாள், இவர்களுக்குப் புரியட்டும் என்று. அன்று சாயங்காலம் சலேத் குளிக்கப் போனபோது அவன் பிரிட்ஜைத் திறந்தான். காய்கறித் தட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் பைக்குள், அட்டைப்பெட்டி பிரிக்காமல், மூன்று வருஷத்து மருந்தும் இருந்தது. பக்கத்தில் அந்தப் படம், சின்னது, சட்டைப் பைக்கு அடங்குகிற அளவு. ஈரம் படாமல் இருக்க அவனே லேமினேட் செய்து கொடுத்தது. பிரிட்ஜின் உள் விளக்கு அதன்மேல் பட்டுப் பளபளத்தது. கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். மருந்தையும் போட்டுக்கிட்டு மாதாவையும் கேட்டா அது நம்பிக்கையா, என்று அவள் யாரிடமோ கேட்டது நினைவுக்கு வந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிற யாரையோ கிண்டல் செய்கிறாள் என்று அப்போது சிரித்தான். மரமண்டை. வெளிச்சத்தில் முடி அளவு வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, வீட்டுக்குள் ஒருத்தி மூன்று வருஷமாகக் குருடாகிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

வெளிச்சம் பாயைத் தாண்டி அவன் மடியில் ஏறியிருந்தது. கொஞ்சம் பின்னால் சாய்ந்தான். அவன் மறைப்பு விலகியதும் வெயில் அப்படியே அவள் முகத்தில் விழுந்தது, செப்டம்பர் மாத ஐந்தேகால் வெயில், எந்தக் காமிராக்காரனும் காத்துக் கிடந்து வாங்குகிற வெயில். அவள் வலது கண் சட்டென்று சுருங்கியது. இடது கண் சுருங்கவில்லை. நேரே வெயிலைப் பார்த்துக்கொண்டு, இமைக்காமல், ஈரமாக, திறந்திருந்தது. நல்ல படம், என்று மனசு சொல்லிற்று. காது மடலில் சிவப்பாக ஊடுருவுகிறது, முக்காட்டு ஓரம் நூல் நூலாகத் தெரிகிறது, எடுத்தால் இதுவரை எடுத்ததிலெல்லாம் நல்லதாக இருக்கும் என்று அவனைக் கேட்காமலே சொல்லிற்று. கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மைக்கில் அப்புறம், முதலில் இவளிடம். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சலேத்து," என்றான். "ஜெபம் நடக்குல்லா," என்றாள் அவள், உதடு மட்டும் அசைய. "அந்தப் படத்துல இருக்கது மாதா குடுத்த வெளிச்சம் இல்ல. கீழ எரிஞ்ச திரிதான் லென்ஸுக் கண்ணாடியில முட்டி மேல விழுந்திருக்கு. கழத்திட்டு எடுத்திருக்கணும். மறந்துட்டேன். என் தப்பு." மூன்று நாளாக வராத வாக்கியம் வந்தே விட்டது, கடையில் ரசீது வாசிக்கிற மாதிரி வந்தது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், என்றாள் அவள். இன்னொரு தடவையும் சொன்னாள். இப்போது மற்றவர்களைவிட அரை நொடி பிந்தியிருந்தது. "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். "அன்னைக்கே." "அன்னைக்கேயா." "ஆமா. பிரிட்ஜுல மருந்தையும் பாத்துட்டேன். நான் வாயத் தொறந்திருந்தா நீ போட்டிருப்ப." அவள் அழுவாள், அல்லது எழுந்து போவாள், அல்லது கூட்டம் பார்க்க அவனை அடிப்பாள், அடித்தால் நல்லது என்று அவன் காத்திருந்தான். அவள் வெயிலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப எடது கண்ணு எதுக்குப் போச்சி?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வைத்த இடத்தில் சாவியைக் காணோம், எங்கே வைத்தேன் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவனிடம் பதில் இருந்தது, அவளுக்கும் தெரிந்த பதில்தான்.

"இதத்தான் இன்னைக்கு மேல போயி சொல்லப் போறீங்களோ," என்றாள். ஆமாம் என்றான். சொன்னால்தான் தனக்கு நெஞ்சு அடங்கும் என்றான். "ஒங்களுக்கு அடங்கும். நான் இந்த ஊர்ல எப்படி நடமாட? மாதாவுக்குக் கண்ணு குடுத்தவன்னு எம் பின்னால வாராளுவ. நாளையில இருந்து, புருசங்காரன் கண்ணாடியக் கழத்தாததால கண்ணு போனவன்னு சொல்லுவாளுவ." அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். கொடுக்கவில்லை. முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்ததும் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள், அதனால் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. "கண்ணு போனது எனக்கு. எதுக்குப் போச்சின்னு நான்தான் சொல்லணும். நீங்க சொல்லப்புடாது." சலேத்து, மருந்து, என்றான் அவன், வேறு எந்த வார்த்தையும் மிச்சமில்லாதவன்போல. "போடுதேன். இன்னைக்கே வீட்டுக்குப் போயி போடுதேன், நீங்களே போட்டு விடுங்க. ஆனா இப்ப மேல போயி வழக்கம்போல சொல்லணும். இந்த வருசம் மட்டுமில்ல, நான் இருக்க வரைக்கும் வருசா வருசம் சொல்லணும். ஒரு வார்த்த மாத்துனீங்கன்னா மருந்த அன்னைக்கோட விட்டுருவேன்." "அது பொய்யாச்சே, சலேத்து." "இம்புட்டு நாளும் என்னத்தச் சொன்னீங்க?" என்றாள். அவள் நம்புகிறாளா, நம்பவில்லையா, எந்தக் கண்ணால் நம்புகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. மூன்று நாளாக அவன் கண்ட கனவெல்லாம், உண்மையைச் சொன்னதும் கூட்டம் அவனைக் கீழே தள்ளி மிதிக்கும், சட்டை கிழியும், அதோடு எல்லாம் தீர்ந்துபோகும் என்பதுதான். அந்த மிதியும் இனி கிடைக்காது. அவனுக்குத் தன்மேல் வந்த இரக்கத்தை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. "அண்ணாச்சி, வாங்க," என்றார் கிளாடியஸ் சாமி மைக்கில். இளம் சாமியார், படித்தவர், இந்தச் சாட்சியத்தின்போது மட்டும் கீழே குனிந்து எதையாவது புரட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் சந்தேகம் உண்டு என்பது சந்தியாகுவுக்குத் தெரியும். அவர் ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

நடுவழியில் நடந்தபோது வெயில் காலில் பட்டது, சூடே இல்லை. தோத்திரம் சாமி என்று கும்பிட்டுவிட்டு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினான். மரியே வாழ்க என்றான், மரியே வாழ்க என்று கோயில் முழுக்கத் திரும்பி வந்தது. வாசலுக்கு வெளியே வேன்களில் வந்தவர்கள் பந்தலிலும் நின்றார்கள், போன வருஷத்தைவிடக் கூட்டம் இரண்டு பங்கு. அன்னைக்குத் திரிப் பவனி, லைட்டெல்லாம் அமத்தியாச்சி, நான் இந்த எடத்துலதான் நிக்கேன் என்று தொடங்கினான், வார்த்தை தானாக வந்தது, மூன்று வருஷமாகத் தேய்த்த வார்த்தை வராமல் எங்கே போகும். தூரத்தில் சலேத் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, வலது பக்கத்தை அவன் பக்கம் கொடுத்து, உன்னிப்பாக உட்கார்ந்திருந்தாள். எந்த இடத்தில் அவன் மூச்சு வாங்குவான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். படத்துல பாக்கேன், மாதா தலைக்கு மேல வெளிச்சம், என்றான், கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடிற்று. அப்போதுதான் முதல் வரிசையைப் பார்த்தான். வெளியூர்க்காரி, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு இருக்கும், மடியில் மூன்று வயசுப் பெண்குழந்தை. குழந்தையின் ஒரு கண்ணில் ஆஸ்பத்திரிப் பஞ்சும் பிளாஸ்திரியும், புதிதாக, சுத்தமாக ஒட்டியிருந்தது. அந்தப் பெண் வாய் லேசாகத் திறந்திருக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிவது அவளுக்கே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே ஒரு விரலைக் குழந்தையின் கன்னத்துக்குக் கொண்டுபோய், பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினாள். குழந்தை சிணுங்கியது. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று அவள் உதடு அசைந்தது. சந்தியாகுவின் குரல் நின்றது. கோயில் காத்திருந்தது, உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்துக் காத்திருந்தது, பின்னால் யாரோ மரியே வாழ்க என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார்கள். சலேத்தின் தலை இம்மியும் அசையவில்லை. அந்தப் பெண் பஞ்சை முழுசாக உரித்தெடுத்துத் தன் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். அவன் தொண்டையைச் செருமிவிட்டு மீதியையும் சொன்னான்.